மரத்துப்போன நாக்கும் அஜினமோட்டோ மீது வழக்கும்

கேள்வி: எல்லோரும் புகழ்கிறார்களே என்று ஒரு சீன உணவகத்துக்கு முதல்முறையாகக் குடும்பத்தோடு போனோம். முக்கால் மணி நேரம் காத்திருந்து, நால்வரும் ஆளுக்கொன்றாக நான்கு சிச்சுவான் உணவுகளை வாங்கினோம். நாக்கு மரத்துப்போனதுதான் மிச்சம். சோறோ உப்பில்லாமல் வந்தது. அஜினமோட்டோவை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள் என்கிறார் என் கணவர். இதற்கா இத்தனை கூட்டம்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உங்கள் கணவர் தொடுத்திருக்கும் வழக்கு நிற்காது. நாக்கை மரக்கச் செய்தது சிச்சுவான் மிளகு. பெயரில்தான் அது மிளகு; உண்மையில் எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியினுடைய காயின் தோல் அது. அதிலுள்ள சான்ஷூல் என்னும் பொருள் தொடுவுணர்வு நரம்புகளைத் தூண்டுவதால்தான், உதட்டில் மெல்லிய மின்சாரம் ஓடுவதைப் போன்ற அந்தக் கூச்சம் உண்டாகிறது. ‘மா’ என்றால் மரப்பு, ‘லா’ என்றால் காரம். இரண்டும் சேர்ந்த ‘மாலா’ சுவைக்காகத்தான் அங்கே கூட்டம் நிற்கிறது. நீங்கள் குறையென்று எழுதியிருப்பது இல்லாமற்போயிருந்தால், சிச்சுவான்காரர் தட்டைத் திருப்பி அனுப்பியிருப்பார். (மாபோ டோஃபு என்னும் காரமான சோயாக்கட்டி உணவின் ‘மா’வும் இதே எழுத்துதான் என்றாலும், அங்கே அதற்கு அம்மைத் தழும்பு என்று பொருள்; சிச்சுவான் மாகாணத்துச் செங்டு நகரில் அந்த உணவைச் சமைத்துப் பெயர்பெற்ற பெண்மணியின் முகத்தில் தழும்புகள் இருந்ததாகச் சொல்வார்கள்.)

அஜினமோட்டோ மீதான பழி பழையது. 1908-இல் ஜப்பானிய வேதியியலர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட் என்னும் சுவைப்பொருளைப் பிரித்தெடுத்தார்; அதன் உப்புதான் அஜினமோட்டோ. அறுபது ஆண்டுகள் கழித்து, 1968-இல், சீன உணவகங்களில் சாப்பிட்டால் பின்கழுத்து மரத்து நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு மருத்துவர் எழுதிய கடிதம் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. சமையல் மது, மிகுதியான சோடியம் ஆகியவற்றையும் அவர் ஐயப்பட்டிருந்தார். ஆனால் ஊர் பிடித்துக்கொண்டது அஜினமோட்டோவை மட்டும். தக்காளியிலும் முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் இதே குளுட்டமேட் இயல்பாகவே இருக்கிறது; அவற்றைத் தின்றுவிட்டு யாரும் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்காருவதில்லை.

உண்மையான பிழை, நீங்கள் உணவைத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருக்கிறது. சீனச் சாப்பாட்டில் ஆளுக்கொரு தட்டு என்ற கணக்கு கிடையாது. மேசைக்கு ஒரு கணக்குத்தான். காரமானது ஒன்று வந்தால், அதன் பக்கத்தில் இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி ஆவியில் வேகவைத்த முழு மீன், பூண்டோடு வதக்கிய கீரை, தெளிவான சூப் என்று ஒன்றை மற்றொன்று தணிக்கும்படி கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் நடுவில் வைத்து, ஒவ்வொருவரும் சிறிது சிறிதாகத் தம் கிண்ணத்துச் சோற்றின்மேல் எடுத்துப்போட்டுக்கொள்வார்கள். சோற்றில் உப்பில்லாததும் அதனால்தான். சுற்றிலும் இருக்கும் உப்பையும் காரத்தையும் ஏந்திக்கொள்வதே அதன் வேலை. நீங்களோ நான்கு காரங்களை வரவழைத்துவிட்டு, அவற்றைத் தணிக்க இருந்த ஒரே பொருளையும் திட்டியிருக்கிறீர்கள்.

என் முதல் நாளும் பெருமைப்படும்படி அமையவில்லை. லாசிஜி என்று ஒரு கோழி வறுவல் உண்டு: செக்கச்செவேலென்று காய்ந்த மிளகாய்க் குவியல், அதற்குள் அங்கங்கே நகமளவு கோழித் துண்டுகள். நான் மிளகாயையும் சேர்த்து மென்று, கண்ணீர் வழிய, எரிச்சலை அடக்கச் சூடான தேநீரைக் குடித்து அதை இரட்டிப்பாக்கிக்கொண்டேன். பரிமாறியவர் வாய்திறக்காமல் பக்கத்து மேசையைக் கண்ணால் காட்டினார். அங்கே ஒரு மூதாட்டி சாப்பிட்டு முடித்த தட்டில் மிளகாய் முழுவதும் குவித்தது குவித்தபடி இருந்தது.

உணவகத்தின் மீதும் தவறில்லாமல் இல்லை. புதிதாக வந்தவர்கள் நான்கு காரங்களைக் கேட்டபோது, குறித்துக்கொண்டவர் ஒரு வார்த்தை எச்சரித்திருக்க வேண்டும். கூட்டம் நெரியும் நேரத்தில் அந்த ஒரு வார்த்தைதான் முதலில் விடுபட்டுப்போகும். ஆகவே, அடுத்த முறை கூட்டம் குறைந்த வேளையில் சென்று, அந்த ஆவியில் வெந்த மீனைக் கேட்டு வாங்குங்கள். அதுவும் பிடிக்கவில்லை என்று எழுதினால், அப்போது உங்கள் பக்கம் நின்று உணவகத்தைக் கடிந்துகொள்கிறேன்.