நீட் கைவிட்டது, மகள் வைரஸ் ஆராய்ச்சி என்கிறாள்: ஒரு அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள், சீட் வரும் அளவுக்கு மார்க் இல்லை. இப்போது "டாக்டர் படிப்பே வேண்டாம், ஹெபடைடிஸ் வைரஸ் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்கிறாள். வேலை கிடைக்குமா, எத்தனை வருஷம் பிடிக்கும், அவளுக்கே தொற்றிக்கொள்ளுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "பி.எஸ்சி. விலங்கியல்தான் கிடைக்கும் போலிருக்கிறது, அதை வைத்து என்ன செய்வது?" அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2020-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக மூன்று பேருக்குக் கிடைத்தது: ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ். மூவரில் ஆல்டர் மட்டும்தான் டாக்டர். ரைஸ் 1974-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வாங்கிய இளநிலைப் பட்டம் விலங்கியல். 1981-ல் கால்டெக் என்ற கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் பிஎச்.டி. முடித்தார். அங்கே அவர் படித்தது கொசு மூலம் பரவும் சிண்ட்பிஸ் என்ற வைரஸை. அடுத்து மஞ்சள் காய்ச்சல் வைரஸ். ஹெபடைடிஸ் சி அப்போது கண்டுபிடிக்கப்படவே இல்லை. 1989-ல் கண்டுபிடித்தபோது, அது மஞ்சள் காய்ச்சல் வைரஸுக்குத் தூரத்துச் சொந்தம் என்று தெரிந்தது. அதைக் கையாளத் தேவையான வித்தை ரைஸிடம் ஏற்கெனவே இருந்தது.

அதன் பிறகும் சுலபமாக நடக்கவில்லை. வெளியாகியிருந்த மரபணு வரிசையைப் பார்த்து, அந்த வைரஸின் மரபணுப் பொருளான ஆர்.என்.ஏ.வைத் தயாரித்தால் வைரஸ் பெருகவில்லை. வரிசையின் வால் பகுதி விடுபட்டிருந்ததை அவருடைய குழுவும் ஜப்பானில் ஒரு குழுவும் கண்டுபிடித்தார்கள். வாலைச் சேர்த்தும் பலன் இல்லை. இந்த வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது பிழைகளைத் திருத்திக்கொள்ளாது, அதனால் எடுத்த நகல் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு கோளாறு. பல நகல்களை ஒப்பிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவான வரிசையை உருவாக்கி, 1997-ல் சிம்பன்ஸியின் கல்லீரலில் செலுத்தியபோதுதான் நோய் வந்தது. இந்த ஒரு வைரஸ்தான் காரணம் என்பது அப்போது உறுதியானது. நடுவில் எட்டு வருஷம்.

ஹௌட்டன் 1982-ல் கைரான் என்ற அமெரிக்க உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்து, ஏழு வருஷம் கழித்துத்தான் அந்த வைரஸைப் பிடித்தார். கூடவே உழைத்த க்வி-லிம் சூ, ஜார்ஜ் குவோ இருவருக்கும் நோபலில் இடமில்லை. ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பிரிக்க மாட்டார்கள். 2013-ல் கனடாவின் கெய்ர்ட்னர் விருது இந்த இருவரையும் விட்டுவிட்டுத் தனக்கு வந்தபோது, இவர்கள் இல்லாமல் வேண்டாம் என்று ஹௌட்டன் மறுத்துவிட்டார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தத் துறையில் பெரும்பாலானவர்கள் சூ, குவோ மாதிரிதான். வேலை உலகத்தை மாற்றும், பெயர் வெளியே தெரியாது. மகளுக்கு இது சரிதானா என்று அவளிடமே கேளுங்கள்.

தினசரி வேலை எப்படி இருக்கும்? கல்லீரலைத் தாக்கும் இன்னொரு வைரஸான ஹெபடைடிஸ் பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மொத்த மரபணுத் தொகுப்பே சுமார் 3,200 எழுத்துதான். மனிதனுக்கு 300 கோடி. இவ்வளவு சின்ன இடத்தில் வைரஸ் சிக்கனம் பிடிக்கிறது: ஒரே எழுத்துகளை ஓர் எழுத்து தள்ளி வாசித்தால் வேறொரு புரதம் வரும். அதனால் ஓரிடத்தில் எழுத்து மாறினால் இரண்டு புரதங்கள் மாறலாம். வைரஸை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியின் 204-வது இடம் மாறினால், வைரஸை அடக்கும் லேமிவுடின் மாத்திரை பலிக்காது. அதே மாற்றம் மேலுறைப் புரதத்தையும் தொடும். தடுப்பூசியால் வரும் எதிர்ப்புப் பொருளும், ரத்த வங்கியின் பரிசோதனையும் அடையாளம் காண்பது அந்த மேலுறையைத்தான்.

லேபில் இது எப்படித் தெரியும் என்றால், கணினித் திரையில் நான்கு நிறங்களில் மேடுகள் வரிசையாக ஓடும். ஏ எழுத்து பச்சை, ஜி எழுத்து கறுப்பு. 204-வது இடத்தில் பச்சை மேட்டின் மேலேயே ஒரு கறுப்பு மேடு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் ரத்தத்தில் இரண்டு வகை வைரஸ் கலந்திருக்கிறதா, இல்லை பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு துளி தெறித்துவிட்டதா? தெரியாது. மறுபடி முதலிலிருந்து டி.என்.ஏ. பிரித்து, அதைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். போட்டு, வரிசை வாசித்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் போய்விடும். "அட, மறுபடியுமா" என்று சலித்துக்கொண்டாலும் மறுநாள் காலை வந்து குழாய்களுக்கு எண் எழுதும் ஆள்தான் இங்கே நிலைப்பார்.

தொற்று பயம் நியாயமானது, ஆனால் சமாளிக்கக் கூடியது. பெரும்பாலான நாள் கையில் இருப்பது பிரித்தெடுத்த டி.என்.ஏ., முழு வைரஸ் அல்ல. ரத்த மாதிரியைத் திறப்பதெல்லாம் பாதுகாப்புக் கூண்டுக்குள்தான். ஹெபடைடிஸ் பி-க்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. பிறகு எதிர்ப்புப் பொருளின் அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். பலர் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் 2013 கடைசியில் சோஃபோஸ்புவிர் வந்த பிறகு, பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடுகிறது. ரைஸ் செய்த வேலை இல்லாமல் அந்த மாத்திரை வந்திருக்காது.

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்பது உங்கள் வீட்டிலும் தெரிந்திருக்கும். 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி-யைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பரூச் பிளம்பர்க்குடன் சேர்ந்து, 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத போலிப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. மகளிடம் இந்த இரண்டு பாதியையும் சொல்லுங்கள். இரண்டாவது பாதியைக் கேட்டு "ஏன் அப்படி?" என்று அவள் குடைந்தால் எனக்கு நம்பிக்கை வரும்.

இனி கணக்கு. பி.எஸ்சி. 3 வருஷம், எம்.எஸ்சி. 2, பிஎச்.டி. 5 அல்லது 6, அதற்கு மேல் வெளியூரிலோ வெளிநாட்டிலோ போஸ்ட்டாக் என்ற பயிற்சி ஆராய்ச்சி 2, 3. நிரந்தர விஞ்ஞானி வேலையில் அமரும்போது வயது 32-ஐத் தாண்டிவிடும். ஆனால் பிஎச்.டி.க்கு வீட்டுப் பணம் வேண்டாம். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட், ஐ.சி.எம்.ஆர்., டி.பி.டி. தேர்வுகளில் ஒன்றில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. இரண்டு வருஷம் கழித்து 42,000. அது இல்லாமல் புராஜெக்ட் வேலையில் ஒட்டிக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. சம்பளம் குறைவு, ஒப்பந்தம் எப்போது முடியும் என்று கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டும்.

எங்கே படிப்பது? பி.எஸ்சி.யிலேயே 'வைராலஜி' என்று பெயர் போட்டுப் பெரிய கட்டணம் கேட்கும் கோர்ஸ் தேவையே இல்லை. விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் எதுவானாலும் சரி. அரசு உதவி பெறும் நல்ல கல்லூரி போதும். எம்.எஸ்சி.க்கு புனே தேசிய வைராலஜி நிறுவனத்தின் வைராலஜி படிப்பைக் குறிவைக்கலாம். பிற்பாடு பிஎச்.டி.க்கு வேலூர் சி.எம்.சி.யின் வைராலஜி துறை, டெல்லியில் கல்லீரல் நோய்களுக்கென்றே உள்ள ஐ.எல்.பி.எஸ்., பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. எல்லாம் இருக்கின்றன. பிஎச்.டி. வரை போகாமல் எம்.எஸ்சி.யோடு நிறுத்தினாலும் ரத்த வங்கி, பரிசோதனைக் கூடம், ஹைதராபாத், புனே தடுப்பூசி நிறுவனங்கள் என்று வழி உண்டு. தொடக்கச் சம்பளம் சுமார்தான், அதை மறைக்க மாட்டேன்.

கல்யாணம் பற்றியும் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். பிஎச்.டி. நடுவில் கல்யாணம் செய்துகொண்டு நன்றாக முடித்தவர்கள் நிறையப் பேர். மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஊருக்குப் போக வேண்டி லேபையே விட்டவர்களும் உண்டு. வரன் பார்க்கும்போது ஊரையும் சேர்த்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம், செலவு இல்லை. மரபணு வரிசைகளைச் சேமித்து வைக்கும் ஜென்பேங்க் தளத்தில் ஹெபடைடிஸ் பி வரிசைகள் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன. இந்தியாவில் அதிகம் காணப்படும் ஏ, டி மரபு வகைகளில் பத்துப் பத்து இறக்கிக்கொள்ளட்டும். மெகா என்ற இலவச மென்பொருளில் போட்டு வரிசைப்படுத்தி, எது எதற்கு நெருங்கிய சொந்தம் என்று காட்டும் வம்ச மரம் வரையட்டும். முதலில் பிழைச் செய்திதான் வரும். இரண்டு வாரம் கொடுங்கள், நீங்கள் நினைவுபடுத்தாதீர்கள். மரம் வந்ததா இல்லையா என்பதைவிட, அவளாகத் திரும்பத் திரும்ப உட்கார்ந்தாளா என்று கவனியுங்கள்.

உட்கார்ந்தால், கல்லூரி பார்க்கப் போகும்போது துறைத் தலைவரிடம் ஒன்று கேளுங்கள்: பி.சி.ஆர். மெஷினை பி.எஸ்சி. பிள்ளைகள் தாங்களே இயக்குவார்களா, இல்லை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பார்களா? இரண்டாவது பதில் வந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.