ஆறு மாத ஆள்தேர்வுப் பயிற்சி: பாதியில் விடலாமா?

வணக்கம். மதுரை இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியும், நௌக்ரி என்ற வேலைவாய்ப்பு இணையதளத்தில் வேலை தேடுவோரின் எண் எடுத்துப் போன் செய்வது மட்டுமே வேலையாக இருப்பதால் விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள், ஆனால் இப்படியே தொடரவும் வேண்டாம்.

அந்தப் போன் பேச்சில்தான் தொழிலின் உயிர் இருக்கிறது. பழைய வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு 90 நாள் நோட்டீஸ் காலத்தில் இருப்பவருக்கு அதற்குள் வேறொரு ஆஃபர் கிடைத்துவிடக்கூடும். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று இழுப்பவர், மதுரையை விட்டுச் சென்னைக்குப் போக மனமில்லாதவராக இருந்தால், சம்பளத்தைக் கூட்டினாலும் சேரமாட்டார். இதை முன்கூட்டியே கணிக்கத் தெரிந்தவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

ஆகவே ஊர், நோட்டீஸ், எதிர்பார்க்கும் சம்பளம், மறுத்த காரணம் ஆகியவற்றை எக்செல்லில் அன்றன்றே பதிந்து, மாத இறுதியில் மேலாளரிடம் காட்டி, நேர்காணல்களில் உடன் அமரவும் ஆஃபர் கடிதம் தயாராவதைப் பார்க்கவும் அனுமதி கேளுங்கள். கல்லூரிக்கான அறிக்கையில் எவருடைய பெயரும் எண்ணும் இடம்பெறக் கூடாது; 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அவசியம் படித்துவிடுங்கள்.

இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால், உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரிடம் எழுத்து வடிவில் தெரிவித்து, அவர் மூலமாகவே நிறுவனத்திடம் பேசச் சொல்லுங்கள்.