பக்கவாதத்துக்குப் பிறகு கை: கேள்வி பதில்

பக்கவாதம் வந்தவர்களின் வீட்டார் கேட்டவற்றுக்கு, ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளராக, என் பதில்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. வலது கை ஓரளவு அசைகிறது. பிசியோ வந்து அரை மணி நேரம் பயிற்சி தருகிறார். மற்ற நேரமெல்லாம் கை மடியிலேயே கிடக்கிறது. இது போதுமா?

போதாதம்மா. மீதிப் பகல் முழுக்க அந்தக் கை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். ஆரம்பத்தில் முயன்று முடியாமல் போனவர், நல்ல கையாலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளப் பழகிவிடுகிறார். பிறகு பலம் கொஞ்சம் திரும்பினாலும் அந்தப் பழக்கம் போவதில்லை. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டவுப் இதைக் குரங்குகளிடம் கவனித்து விளக்கினார். நல்ல கைக்கு உறை மாட்டி, பாதித்த கையை வேலை வாங்கும் சிகிச்சை அதிலிருந்து வந்ததுதான். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2006-ல் வெளியானது. இரண்டு வாரம் இந்தச் சிகிச்சை பெற்றவர்கள், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடக் கையை நன்றாகப் பயன்படுத்தினார்கள். ஒரு வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் இருந்தது.

ஆனால் மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது தானாக விரிபவர்களுக்குத்தான் இது. நடை தள்ளாடுபவருக்கு உறை மாட்டினால் விழும் ஆபத்தும் உண்டு. அதனால் நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். வீட்டில் செய்ய வேண்டியது வேறு: சுவிட்ச் போடுவது, செய்தித்தாள் புரட்டுவது, பாதி நிரம்பிய டம்ளரை எடுத்து வைப்பது எல்லாம் அந்தக் கையின் வேலையாகட்டும். சட்டை போடும்போது பாதித்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆனாலும், தயவுசெய்து நீங்கள் போட்டுவிடாதீர்கள்.

ரப்பர் பந்தை அழுத்தச் சொல்கிறார்களே?

விரல் இறுகி மூடியே கிடப்பவருக்கு நான் பந்து கொடுப்பதில்லை. மடக்குவது பெரும்பாலும் முதலில் வந்துவிடும், விரிப்பதுதான் கஷ்டம். டம்ளரைப் பிடிப்பதைவிட, வைத்துவிட்டு விரலை விடுவதே நல்ல பயிற்சி.

கணவரைத் தூக்கி உட்கார வைக்கும்போது தோள் வலிக்கிறது என்கிறார்.

கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள். தசை தளர்ந்திருப்பதால் தோள் எலும்பு குழியிலிருந்து சற்று இறங்கியிருக்கலாம். உட்காரும்போது முன்னங்கையைத் தலையணைமேல் தாங்கி வையுங்கள். கை வீங்கிச் சூடாக இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்மாவுக்கு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இனிமேல் முன்னேற்றம் வருமா?

முதல் சில மாதங்களின் வேகம் இருக்காது, ஆனால் வரும். டவுப் தன் சிகிச்சையை முதலில் செய்து பார்த்ததே ஒரு வருடம் தாண்டியவர்களிடம்தான். அம்மா விரும்பிச் செய்த வேலை ஒன்றைக் கேளுங்கள். முருங்கைக்கீரை ஆய்வது என்றால், கொத்தைப் பாதித்த கை பிடிக்கட்டும், நல்ல கை உருவட்டும். தொடு உணர்ச்சி குறைந்திருந்தால் அடுப்புப் பக்கம் அந்தக் கை வேண்டாம். வெந்நீரின் சூட்டையும் நல்ல கையால் பார்க்கச் சொல்லுங்கள்.