தொலைக்காட்சி நகைச்சுவையில் எழுதி, நடித்து, தயாரிக்கவும் செய்தவர்களில் உங்களை மிகவும் கவர்ந்தவர் யார்? ஏன்?

கார்ல் ரைனர். இதற்கு நான் யோசிக்கவே வேண்டியதில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்த மூன்று வேலைகளையும் பார்த்தவர்கள் பலர் உண்டு. தனக்காகவே எழுதிக்கொண்ட கதாநாயக வேடத்தை, கதை பிழைக்க வேண்டும் என்பதற்காக இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தவர் இவர். என் மரியாதை முழுவதும் அந்த ஒரு முடிவுக்குத்தான்.

1922இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். அப்பாவுக்குக் கடிகாரத் தொழில். பதின்ம வயதில் தொப்பித் தொழிற்சாலை ஒன்றில் தையல் இயந்திரம் பழுதுபார்ப்பவருக்கு உதவியாளராக இருந்தார். அரசு நடத்திய இலவச நடிப்பு வகுப்பு பற்றிய விளம்பரத்தைச் செய்தித்தாளில் பார்த்துச் சொன்னவர் அண்ணன் சார்லி. அங்கே தொடங்கியது, போர்க்காலத்தில் படைவீரர்களுக்கான மேடை நிகழ்ச்சிகள் வழியாக வளர்ந்தது.

1950இல் நகைச்சுவை நடிகர் சிட் சீசரின் ‘யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு நடிகராகப் போனார். வாரந்தோறும் 90 நிமிட நேரலை. சீசர் கோணங்கித்தனம் செய்ய, பக்கத்தில் நின்று முகம் மாறாமல் கேள்வி கேட்கும் வேடங்கள்தான் இவருக்கு அதிகம் வாய்த்தன. ஆனால் ஓய்வு நேரத்தில் எழுத்தாளர்களின் அறையில் போய் உட்கார்ந்துகொள்வார். மெல் புரூக்ஸ், நீல் சைமன் போன்றவர்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு கத்திய அறை அது. எழுத்தாளர் பட்டியலில் தன் பெயர் வராது என்று தெரிந்தே யோசனைகளைக் கொடுத்தார். அவருடைய உண்மையான படிப்பு அங்கேதான் நடந்தது என்பேன்.

சீசரின் அடுத்த நிகழ்ச்சியும் 1957இல் நின்றுபோனது. நடிக்கச் சொல்லி வந்த தொடர்களின் கதைகள் எதுவும் தேறவில்லை. இதைவிட நீங்களே நன்றாக எழுதுவீர்களே என்று மனைவி எஸ்டெல் சொல்ல, உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். வேறு யாருக்கும் தெரியாத, தனக்கு மட்டும் தெரிந்த வாழ்க்கை எது என்று தன்னையே கேட்டுக்கொண்டாராம். பதில் கண்ணெதிரே இருந்தது: நியூ ரோஷெல் நகரில் குடும்பம், நியூயார்க்கில் தொலைக்காட்சி வேலை. ஒரு நகைச்சுவை எழுத்தாளனின் வீடும் அலுவலகமும்தான் கதை. 13 எபிசோடுகளை முன்கூட்டியே எழுதி முடித்துவிட்டார். அவர் குடியிருந்த வீட்டின் எண் 48, போனி மெடோ சாலை. கதாநாயகன் ராப் பெட்ரிக்கு அதே சாலையில் 148ஆம் எண் வீட்டைக் கொடுத்தார்.

ராப் பெட்ரியாக அவரே நடித்த முன்னோட்ட எபிசோடு 1960இல் ஒளிபரப்பானது. தொடராக எடுக்க யாரும் முன்வரவில்லை. எழுதியவை அப்படியே மூட்டை கட்டப்பட்டிருக்கும். ஆனால் தயாரிப்பாளர் ஷெல்டன் லியோனார்ட் அவற்றைப் படித்தார். ஒரே கதையில் இரண்டு முறை தோற்க விரும்பவில்லை என்றார் ரைனர். உங்கள் வேடத்தில் நடிக்க இன்னும் பொருத்தமான ஒரு நடிகரைப் போடுவோம் என்றார் லியோனார்ட்.

தன் வாழ்க்கையை எழுதி, தானே நடித்தும் பார்த்த ஒருவரிடம் இதைச் சொல்கிறார்கள். ரைனர் ஒப்புக்கொண்டார். அப்போது நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் நடித்துக்கொண்டிருந்த டிக் வான் டைக் வந்தார், மனைவி வேடத்துக்கு மேரி டைலர் மூர் வந்தார். 1961 அக்டோபரில் சிபிஎஸ் வலையமைப்பில் ‘தி டிக் வான் டைக் ஷோ’ தொடங்கியது. முதல் ஆண்டு முடிவில் அதை நிறுத்த முடிவெடுத்தார்கள். லியோனார்ட் விளம்பரதாரர்களிடம் நேரில் போய்ப் பேசிக் காப்பாற்றினார்.

தயாரிப்பாளராக ரைனர் வைத்த ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. அந்தந்த ஆண்டின் கொச்சைச் சொற்கள் வசனத்தில் வரக்கூடாது. வந்தால் தொடர் சீக்கிரம் பழசாகிவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தைத் தவிர அதில் எனக்கு எதுவும் பழையதாகத் தோன்றாததற்கு இது முக்கியக் காரணம். 158 எபிசோடுகளுக்குப் பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, 1966இல் அவர்களாகவே முடித்துக்கொண்டார்கள்.

நடிகர் ரைனர் காணாமல் போய்விடவில்லை. கதைக்குள் ராப் வேலை பார்க்கும் நிகழ்ச்சியின் நட்சத்திரம் ஆலன் பிரேடி என்னும் கர்வக்காரர். அந்தச் சின்ன வேடத்தை அவர் எடுத்துக்கொண்டார். ஆரம்பத்தில் பிடரியும் குரலும்தான் வரும். முகத்தைக் காட்டவே மாட்டார். அதே ஆலன் பிரேடியாக ‘மேட் அபௌட் யூ’ தொடரில் மறுபடி தோன்றி, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதை 1995இல் வாங்கினார். எழுத்துக்காக முன்பே 1962, 1963, 1964 என்று தொடர்ந்து வாங்கியிருந்தார். அவர் இயக்கிய திரைப்படங்களைப் பெரிதாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இந்த ஐந்து ஆண்டுகளின் வேலைதான் பெரிது.

பார்க்க விரும்பினால் ஐந்தாம் ஆண்டின் முதல் எபிசோடிலிருந்து தொடங்குங்கள். ஆலன் பிரேடிக்குத் தலை வழுக்கை என்று ராப்பின் மனைவி லாரா ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் வாய்தவறி உளறிவிடுகிறாள். மன்னிப்புக் கேட்க அவள் அலுவலகத்துக்குள் நுழையும்போது, மேசை மேல் வரிசையாக டோப்பாக்கள். இவளால்தான் உங்களுக்கு வேலை போயிற்று என்று அவற்றிடம் அவளைக் காட்டிப் பேசுகிறார் ரைனர். அந்த எபிசோடை எழுதியவர்கள் பில் பெர்ஸ்கியும் சாம் டெனாஃபும். அதற்கு எம்மி விருதும் அவர்களுக்கே கிடைத்தது.