பேய் நடை: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

ஸ்காட்லாந்துப் பயணம் பற்றி நீங்கள் எழுதியதில், எடின்பரோவில் ராத்திரி ஒன்பது மணிக்குக் காசு கட்டி ‘பேய் நடை’ போனதாக ஒரு வரி வருகிறது. அதோடு தாண்டிப் போய்விட்டீர்கள். கோயில் வாசலில்கூட நிற்காத நீங்கள் பேய் பார்க்கப் போனது எனக்கு ஆச்சரியம். கொள்ளைநோயிலும் கொலையிலும் செத்தவர்களைக் காட்டிச் சம்பாதிப்பது சரிதானா? என் மகள் அங்கேதான் படிக்கிறாள். செப்டம்பரில் நானும் மனைவியும் போகிறோம். டிக்கெட் போடவா என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

எம்., தஞ்சாவூர்

அன்புள்ள எம்.,

உண்மையைச் சொன்னால் மழைக்கு ஒதுங்கத்தான் போனேன். நடையில் பாதி தரைக்கு அடியில் என்று பலகையில் எழுதியிருந்தது. அது போதுமாக இருந்தது.

அந்த அடித்தளம் ஒரு பாலத்தினுடையது. சௌத் பிரிட்ஜ், 1788இல் கட்டி முடித்தது. 19 வளைவுகள். இரண்டு பக்கமும் கடைகளை ஒட்டிக் கட்டி அடைத்துவிட்டதால் இன்று ஒரே ஒரு வளைவுதான் கண்ணில் படும். மேலே நடக்கிறவருக்குப் பாலத்தில் நடக்கிறோம் என்பதே தெரியாது. மற்ற வளைவுகளின் உட்புறத்தை அறை அறையாகத் தடுத்துப் பட்டறையும் சரக்கறையுமாக வைத்திருந்தார்கள். மேலிருந்து தண்ணீர் ஒழுகியது. தொழில் செய்தவர்கள் காலி செய்தார்கள், போக்கிடம் இல்லாதவர்கள் குடி வந்தார்கள்.

அங்கே ஓர் அறையில் எங்களை வட்டமாக நிற்கவைத்து வழிகாட்டி டார்ச்சை அணைத்தார். கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று தெரியாத இருட்டு. பின்கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. எனக்கு நிஜமாகவே தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத அம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் வந்ததும் மன்னிப்புக் கேட்டார். நான் பெரிய தைரியசாலி மாதிரி சிரித்துவைத்தேன்.

இதே அறைகளில் 2001இல் ரிச்சர்ட் வைஸ்மன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். இருநூறுக்கும் மேற்பட்டவர்களை அறைகளுக்குள் அனுப்பி, என்ன தோன்றியது என்று எழுதச் சொன்னார். பேய் இருப்பதாகப் பேர்பெற்ற அறைகளில்தான் அதிகம் பேருக்குச் சில்லிட்டது, யாரோ பார்ப்பதுபோல் இருந்தது. அந்தப் பேரைப் பற்றி முன்பே கேள்விப்படாதவர்களுக்கும் அப்படித்தான். ஒத்துப்போனவை வெளிச்சம், கூரையின் உயரம் போன்ற சங்கதிகள். ஆக, பயம் பொய்யில்லை. அதற்குப் பேய் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இதுவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை வேறு இடத்தில்.

ஹை ஸ்ட்ரீட்டில் நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தி வழிகாட்டி ஒரு கதை சொன்னார். அதன் அடியில் மேரி கிங் முடுக்கு இருக்கிறது. 1645 கொள்ளைநோயின்போது நோயாளிகளை உயிரோடு வைத்து இரண்டு முனையிலும் சுவர் எழுப்பிவிட்டார்களாம். கேட்டவர்கள் ‘ஐயோ’ என்றார்கள். நடக்கவே இல்லை அது. நோயாளிகளில் பலரை ஊருக்கு வெளியே குடிசை போட்டுக் கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டில் அடைபட்டவர்களுக்கு நகரசபை ரொட்டியும் பீரும் கொடுத்தது. முதல் மருத்துவர் நோயில் செத்துப்போக, ஜார்ஜ் ரே என்பவரைப் பெரிய சம்பளத்துக்கு வைத்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார், பேசிய சம்பளத்துக்காக வருஷக்கணக்கில் நகரசபையோடு மல்லுக்கட்டினார். முடுக்கு மண்ணுக்கடியில் போனது 1753க்குப் பிறகு, மேல்மாடிகளை இடித்து, கீழ்வீடுகளை அஸ்திவாரமாக்கிப் புதுக் கட்டடம் எழுப்பியபோது. அப்போதும் ஆட்கள் காலி செய்யவில்லை. கடைசியாக வெளியேறியவர் ஒரு ரம்பம் செய்கிறவர், 1902இல். அந்தச் சம்பள வழக்கை விட்டுவிட்டு இல்லாத சுவரைச் சொல்ல வழிகாட்டிக்கு எப்படி மனசு வந்ததோ.

அப்புறம் கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டம். அரசர் திருச்சபையில் தலையிடக் கூடாது என்று நின்றவர்கள் 1679இல் போரில் தோற்றபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இதை ஒட்டிய திறந்தவெளியில் அடைத்தார்கள். அவர்களை வேட்டையாடிய அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் மெக்கன்ஸியின் சமாதியும் இங்கேதான். 1998இல் யாரோ அதற்குள் புகுந்ததிலிருந்து அவர் ஆவி ஆட்களைக் கீறுகிறது என்று பேச்சு. வழிகாட்டி கால்மணி நேரம் கீறல்களைப் பற்றியே பேசினார். மிஞ்சிய கைதிகள் என்ன ஆனார்கள் என்று ஒருவர் கேட்டார். “பலர் இறந்துபோனார்கள்” என்று சொல்லி நகர்ந்துவிட்டார்.

1679 நவம்பரில் அந்தக் கைதிகளில் 257 பேரை அமெரிக்கக் காலனிகளில் கொத்தடிமைகளாக விற்கக் கப்பலில் ஏற்றினார்கள். டிசம்பர் 10ஆம் தேதி ஆர்க்னித் தீவுகள் அருகே கப்பல் பாறையில் மோதியது. கைதிகள் அடித்தளத்தில், மேல்கதவு பூட்டியிருந்தது. ஐம்பது பேர் அளவில்தான் தப்பினார்கள். இதைக் கேட்க அந்த இருட்டும் குளிரும் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்! கீறலில் கோட்டைவிட்டார்.

ஆனாலும் நியாயமாகச் சொல்லவேண்டும். அதே தோட்டத்தில் கல்லறைமேல் இரும்புக் கூண்டு ஒன்று இருக்கிறது. அதனருகே அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிணத்தைத் தோண்டி உடற்கூறு வகுப்புகளுக்கு விற்கிறவர்களுக்குப் பயந்து போட்ட கூண்டு அது. பர்க், ஹேர் என்று பிணம் விற்ற இரண்டு கொலைகாரர்கள், அவர்களுக்குத் தோண்டுகிற வேலையும் மிச்சம். நாலு பவுண்டு பாக்கி வைத்துவிட்டுச் செத்த, ஹேர் வீட்டு வாடகைக்காரர் ஒருவரின் உடலை முதலில் விற்றார்கள், ஏழு பவுண்டு பத்து ஷில்லிங் கிடைத்தது. அதன்பின் 1828இல் 16 பேரைக் கொன்று விற்றார்கள். ஹேர் காட்டிக்கொடுத்துத் தப்பினார். 1829 ஜனவரியில் பர்க்கைத் தூக்கிலிட்டு, உடலை அறுத்தார்கள். எலும்புக்கூடு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1832இல் சட்டம் வந்தது: கேட்க ஆளில்லாத ஏழைகளின் உடலை மருத்துவப் பள்ளிகள் எடுத்துக்கொள்ளலாம். திருட்டு நின்றது. “ஏழைகளின் பயம் மட்டும் ஆஸ்பத்திரி வாசலுக்கு மாறிவிட்டது” என்றார் வழிகாட்டி. அன்றைக்கு எல்லாரும் சிரிக்காமல் நின்றது அங்கே ஓரிடத்தில்தான்.

காசு வாங்குவதில் தப்பு இல்லை என்றே நினைக்கிறேன். ராஜாக்களைப் பற்றிச் சொல்ல மேலே கோட்டை இருக்கிறது. ஒழுகுகிற வளைவுக்குள் குடியிருந்தவனைப் பற்றி நின்று பேச இந்த ராத்திரி நடையை விட்டால் வேறு எது இருக்கிறது? பேசுகிறவர் புளுகாமல் பேசினால் நல்லது.

போய் வாருங்கள். டிக்கெட்டை முதல் நாளே போட்டுவிடச் சொல்லாதீர்கள். பகலில் ஒருமுறை கிரேஃபிரையர்ஸில் நடந்து, கூண்டையும் கல்வெட்டுகளையும் பார்த்துவிட்டு மறுநாள் ராத்திரி போங்கள். வழி முழுக்கக் கருங்கல் பாவியது, ஈரத்தில் வழுக்கும். உங்கள் வீட்டம்மாவுக்குச் செருப்பு வேண்டாம், ஷூ. குடை அந்தக் காற்றில் நிற்காது, மழைக்கோட்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.