மீன் தொட்டியில் கிரேஃபிஷ் விடலாமா?

பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "இரண்டடித் தொட்டியில் தங்கமீன்களும் கப்பிகளும் வைத்திருக்கிறோம். கடையில் 'ப்ளூ லாப்ஸ்டர்' என்று ஒன்றைக் கொடுத்து, மீனோடு விடலாம், கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்றார்கள். ஒரே வாரத்தில் ஒரு தங்கமீனுக்குப் பாதி வால் இல்லை, இரண்டு கப்பிகளைக் காணோம். இன்று காலை அதுவும் செத்துக் கிடந்தது. எடுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தால், கல்லுக்குப் பின்னால் அதே மாதிரி ஒன்று உயிரோடு இருக்கிறது!"

கடையில் 'ப்ளூ லாப்ஸ்டர்' என்று கொடுத்தது கிரேஃபிஷ்தான், அதாவது பெரிய கொடுக்குள்ள, இறால் மாதிரியான ஒரு நன்னீர் உயிரி. அது சாகவில்லை. நீங்கள் எடுத்துப் போட்டது அது உரித்த சட்டை. கொடுக்கு, மீசை, கால் எல்லாம் அச்சு மாறாமல் இருப்பதால் யாருமே ஏமாந்துபோவார்கள். கையில் எடுத்தால் கனமே இருக்காது, நாற்றமும் இருக்காது. தலைப்பகுதிக்கும் வாலுக்கும் இடையே முதுகில் ஒரு பிளவு தெரியும். அடுத்த முறை அதைத் தொட்டியிலேயே விட்டுவிடுங்கள். புது ஓடு கெட்டிப்படச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால், தன் சட்டையைத் தானே தின்றுகொள்ளும்.

பட்டுப்புழு வளர்ப்பவருக்கு இது புதிதல்ல. தோலுரிக்கும் முன் புழு இலையைத் தொடாமல் அசையாமல் கிடக்குமே, அதே கதைதான் இங்கும். இரையெடுக்காமல் ஒளிந்து கிடக்கும். உரித்த பிறகு சில நாட்களுக்கு உடம்பு மெத்தென்று இருக்கும். ஒரு வாரமாக யாரைத் துரத்தியதோ அந்தத் தங்கமீனே இப்போது அதைக் கொத்தித் தின்னலாம். அதனால் இன்றைக்கு அதைக் கையால் தொட வேண்டாம். மீன்களைப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

திரும்பச் சேர்த்து விடலாமா? வேண்டாம் என்பதே என் பதில். கிரேஃபிஷ் இரவில் இரை தேடும். விளக்கை அணைத்ததும் மீன்கள் அசைவு குறைந்து கீழே இறங்கும், அப்போது கொடுக்கு பிடித்துவிடும். தங்கமீனுக்கு நீண்ட வாலும் மெதுவான நீச்சலும் இருப்பதால் தப்பிக்க வழியே இல்லை. அடியில் மேயும் மீன்களுக்கும் அதே ஆபத்துதான். மெக்சிகோவைச் சேர்ந்த, 5 செ.மீ.க்குள் நின்றுவிடும் ஆரஞ்சு நிறக் குட்டை ரகம் மட்டும் சிறு மீன்களோடு ஓரளவு ஒத்துப்போகும்.

உங்கள் இரண்டடித் தொட்டி சுமார் 50 லிட்டர் பிடிக்கும். தனியாக ஒரு கிரேஃபிஷுக்கு அது தாராளம். ஒளிய இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டுகள் போடுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், காற்றுக் குழாயைப் பிடித்தே ஏறி வெளியே வந்துவிடும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் கடினம் என்று அலுத்துக்கொள்கிறோம். ஆனால் அதிலுள்ள கால்சியம் இதன் ஓட்டுக்கு நல்லது. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக, வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். மூழ்கும் தீவனத்தோடு வேகவைத்த கேரட் கொடுக்கலாம். அப்புறம், உங்கள் தோட்டத்து மல்பெரி இலையையும் வெந்நீரில் முக்கிப் போட்டுப் பாருங்கள், மருந்தடிக்காததாக இருந்தால் மட்டும்.

மருந்து விஷயத்தில் புழுக்கொட்டகைக்கு உள்ள கட்டுப்பாடு இங்கும் வேண்டும். கொசு ஸ்ப்ரே, கொசு லிக்விட் எதுவும் அந்த அறையில் வேண்டாம். மீனைப் பெரிதாகப் பாதிக்காத அளவே இதைக் கொன்றுவிடும். வெண்புள்ளி நோய்க்கு ஊற்றும் செம்பு கலந்த மருந்தும் அப்படித்தான். வால் கடிபட்ட மீனுக்கு மருந்து தேவைப்பட்டால் தனித் தொட்டியிலேயே கொடுங்கள். வாலின் அடிப்பகுதி சேதமாகாமல் இருந்தால், சுத்தமான தண்ணீரில் தானாக வளர்ந்துவிடும்.

கடைசியாக, வளர்க்க முடியவில்லை என்று ஏரியிலோ கிருஷ்ணகிரி அணையிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தியாவின் ஆறுகளிலும் குளங்களிலும் இயற்கையாக கிரேஃபிஷ் கிடையாது. அமெரிக்க, ஆஸ்திரேலிய ரகங்களைத்தான் இங்கே விற்கிறார்கள். சில ரகங்கள் கரையில் வளை தோண்டும், மீன் முட்டைகளைத் தின்னும். பளிங்கு கிரேஃபிஷ் என்ற ரகத்தில் எல்லாமே பெண்தான். ஆண் இல்லாமலே குஞ்சு பொரிக்கும் என்பதால், ஒன்றே ஒன்று போய்ச் சேர்ந்தாலும் ஏரி முழுக்கப் பெருகிவிடும். வாங்கிய கடையிலேயே கேளுங்கள், திருப்பி எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் தனித் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.