விமானங்களைப் படமெடுக்க ஒரே ஒரு ஜூம் லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்கலாம்?

100-400 மி.மீ. இந்த எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், குறையக் குறைய அகலமான காட்சி கிடைக்கும்.

நீங்கள் கிராப் சென்சார் கேமரா (ஃபுல் ஃப்ரேம், அதாவது 35 மி.மீ. ஃபிலிம் அளவைவிடச் சிறிய சென்சார் உள்ளது) ஒன்றும் அதோடு வந்த கிட் லென்ஸும் வைத்திருப்பீர்கள். கேட்ட இடத்திலெல்லாம் "600 இல்லாமல் விமானத்துப் பக்கமே போகாதே" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தப் பேச்சு இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் இந்தப் பதில்.

முதலில் கணக்கு. கிராப் சென்சாரில் 400 மி.மீ. லென்ஸைப் போட்டால் ஃபுல் ஃப்ரேமில் 600 அல்லது 640 காட்டும் கோணம் கிடைத்துவிடும். எல்லோரும் அந்தக் கடைசி எண்ணையே பார்க்கிறார்கள், முதல் எண்ணை யாரும் பார்ப்பதில்லை. 200-600 லென்ஸ் அதே கேமராவில் 300-லிருந்துதான் தொடங்கும். பெரிய பயணிகள் விமானம் ஒன்று தரையிறங்க நெருங்கி வரும்போது மூக்கு இருந்தால் வால் இருக்காது.

ஒரு விமானக் கண்காட்சியில் இதைக் கண்ணால் பார்த்தேன். என் பக்கத்தில் ஒருவர் முக்காலியில் பெரிய 600 பிரைம் (ஜூம் ஆகாத) லென்ஸோடு நின்றார். என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "இதை வைத்து என்ன எடுக்கப் போகிறீர்கள்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சாகசக் குழு தூரத்தில் புள்ளிகளாகத் தெரிந்தபோது அவர் படபடவென்று எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு அணி நேராக எங்களை நோக்கித் திரும்பி, மேலே ஏறி, பூ விரிவதுபோல் நாலாபக்கமும் பிரிந்தது. நான் 400-லிருந்து ஒரே திருப்பில் 100-க்கு வந்தேன். எல்லா விமானங்களும் அவற்றின் புகைக் கோடுகளும் முழுதாக ஒரே ஃப்ரேமில் விழுந்தன. கடைசியாகத் தனியாக ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கடந்தது. மறுபடி 400. விமானியின் ஹெல்மெட் எங்கள் பக்கம் திரும்பியிருப்பது வரை தெரிகிறது. அந்த இரண்டு படங்களும் ஒரே லென்ஸில் எடுத்தவை. அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

"தூரத்தில் இருப்பதை எப்படி எடுப்பது?" என்று கேட்பீர்கள். உச்சி வெயிலில் ஓடுபாதையின் மறுகோடியில் நிற்கும் விமானத்தை 600-இல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜன்னல் வரிசை நெளிந்து கிடக்கும். அது கானல். லென்ஸ் நீளமானால் கானலும் சேர்ந்தே பெரிதாகும், எந்த விலை லென்ஸும் அதைச் சரிசெய்யாது. காலையிலேயே போக வேண்டும், இல்லையென்றால் விமானம் கிட்டே வரும்வரை காத்திருக்க வேண்டும். கிட்டே வந்ததும் உங்களுக்குத் தேவைப்படுவது 100 மி.மீ. முனைதான்.

எடையும் லேசான விஷயம் இல்லை. டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கான சிக்மா 150-600 ஸ்போர்ட்ஸ் ஏறக்குறைய 2.9 கிலோ. 2014-இல் வந்த கேனன் 100-400 இரண்டாம் பதிப்பு சுமார் 1.6 கிலோ. புரொப்பல்லர் விமானம் என்றால் ஷட்டரை 1/125, 1/160 நொடி என்று இறக்கினால்தான் விசிறி சுழல்வது தெரியும். வேகத்தைக் கூட்டினால் விசிறி உறைந்துபோய், எஞ்சின் நின்ற விமானம் காற்றில் தொங்குவது மாதிரி இருக்கும். அந்த மெதுவான ஷட்டரில் விமானத்தோடு சேர்ந்து கேமராவைச் சீராகத் திருப்ப வேண்டும். கை சோர்ந்தால் அது நடக்காது. லென்ஸில் இப்படித் திருப்பி எடுப்பதற்கான (பேனிங்) ஸ்டெபிலைசேஷன், அதாவது நடுக்கம் குறைக்கும் மோட் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கேனனில் அது மோட் 2. ஜெட் விமானத்துக்கு இந்தக் கவலை இல்லை, 1/1000-க்கு மேல் வைத்தால் போதும். பகல் வெளிச்சத்தில் லென்ஸின் துவாரத்தை எஃப் 8 அளவுக்குச் சுருக்கித்தான் பெரும்பாலும் எடுப்போம், அதனால் அதிக ஒளி வாங்கும் எஃப் 2.8 லென்ஸுக்கு ஏங்க வேண்டாம்.

150-600 வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஃபுல் ஃப்ரேமில், பார்வையாளர் கோட்டிலிருந்து தள்ளிப் பறக்கும் போர் விமானத்தை மட்டும் எடுப்பவருக்கு அது நல்ல லென்ஸ். சோனி 200-600 ஜூம் செய்யும்போது நீளாது, அதனால் கையில் எடைச் சமநிலை மாறாது. அது எனக்கும் பிடிக்கும். ஆனால் கேள்வி "ஒரே ஒரு" லென்ஸைப் பற்றியது.

இவ்வளவு எழுதியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அணி பிரியும் படத்தை ஓர் இணையப் பக்கம் எடுத்து, மூலையில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டுப் போட்டுக்கொண்டது. கேட்டதற்கு "இணையத்தில் கிடைத்தது" என்றார்கள். வெயிலில் நின்று எடுத்தவன் பெயரைப் போட ஒரு வரி ஆகும், அவ்வளவுதான். இன்றுவரை போடவில்லை. நீங்கள் பெயரை மூலையில் போடாதீர்கள், விமானத்தின் உடல்மேல் மெலிதாகப் போடுங்கள்.

கேனன் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) என்றால் 100-500 பார்க்கலாம், நிக்கானிலும் சோனியிலும் 100-400 உண்டு. பழைய கேனன் 100-400 இரண்டாம் பதிப்பும் கேனன் மிரர்லெஸில் அடாப்டர் (இணைப்பு வளையம்) போட்டால் நன்றாகவே ஓடும். பழையது வாங்கினால் ஜூம் வளையம் கடைசிவரை பிடிக்காமல் திரும்புகிறதா, பறக்கும் காக்கையை ஃபோகஸ் விடாமல் பிடிக்கிறதா என்று கடை வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.